முதலைக் கண்ணீர்

பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தேன். என் முகத்தின் இடது பாதி பயந்துபோயிருந்தது. வலது பாதிக்கு எதுவும் தெரியவில்லை.

முதல் நாள் இரவே வலது காதுக்குப் பின்னால் வலி இருந்தது. காடியில் ஏர்கோன் காற்று பட்டிருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். இப்போது அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தால் சொல் குழறியது. 'அம்மா' என்று சொல்ல இரண்டு உதடுகளும் சேர வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 'அப்பா'வுக்கும் அப்படியேதான்.

அம்மா பார்த்த உடனே, "ஐயோ, பக்கவாதம்" என்று தலையில் கை வைத்துவிட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் காடிச் சாவியை எடுத்தார்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் முதலில் செய்யச் சொன்னது ஒரே காரியம். புருவத்தைத் தூக்குங்கள் என்றார். தூக்கினேன். இடது நெற்றியில் மட்டும் கோடு விழுந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் விளக்கினார். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையில் அடைப்பு என்றால் வாய் கோணினாலும் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். நெற்றியும் சேர்ந்து விழுந்திருந்தால் பழுது நரம்பிலேயே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதாவது, பார்க்க அதிக மோசமாக இருக்கும் முகம்தான் நல்ல செய்தி. காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்றும் விளக்கடித்துப் பார்த்தார். அக்கி வைரஸ் அந்த நரம்பைத் தாக்கினால் கொப்புளம் வருமாம், அது இதைவிடக் கடுமையானதாம். எனக்கு இல்லை.

முகவாதம். ஆங்கில மருத்துவத்தில் பெல்ஸ் பால்ஸி. 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்தால் நல்லது என்று மாத்திரை கொடுத்தார்கள். மருந்தே இல்லாமலும் 10 பேரில் சுமார் 7 பேருக்கு முழுமையாகத் திரும்பிவிடும் என்றும் சொன்னார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் இமையை ஒட்டிப் படுக்கப் பிளாஸ்திரி, 2 வாரம் எம்.சி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுங்கை பட்டாணியில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் செய்தார். "உனக்கு வந்த அதே காத்துதான்க்கா இவளுக்கும் அடிச்சிருக்கு." போன் என் கைக்கு வந்தது. எல்லாரும் கேட்ட 'எப்படி ஆச்சு', 'எப்பச் சரியாகும்' எதையும் பெரியம்மா கேட்கவில்லை. "ராத்திரி கண்ணு மூடுதா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. காரணம் வாய் கோணியிருந்தது மட்டுமல்ல.

*

அந்த இரண்டு வாரமும் நான் படித்தது ஒரே ஒரு நரம்பைப் பற்றி. மூளையிலிருந்து கிளம்பும் 12 இணை நரம்புகளில் 7ஆவது. காதின் எலும்புக்குள் ஒரு குறுகலான கால்வாய் வழியாக வளைந்து நெளிந்து வந்து, காதுமடலுக்குக் கீழே வெளிப்பட்டு, கன்னத்தில் 5 கிளையாகப் பிரிகிறது. நரம்பு வீங்கினால் எலும்பு இடம் கொடுக்காது. நசுங்கிப் போகிறது.

அதன் வேலை முகத்தை அசைப்பது மட்டுமல்ல. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை அதன் வழியாகத்தான் போகிறது. எனக்குச் சோறு இரும்பு நக்கியதுபோல் இருந்தது. காதுக்குள் பெரிய சத்தத்தை மட்டுப்படுத்தும் குட்டித் தசையும் அதன் பொறுப்பு. அம்மா குசினியில் தட்டு கழுவினால் எனக்கு மண்டை பிளந்தது. கண்ணீர், எச்சில் எல்லாம் அதன் கணக்கில்தான்.

இந்த நோய்க்குப் பெயர் தந்த சார்ல்ஸ் பெல் ஸ்காட்லாந்துக்காரர், அறுவை மருத்துவர், நன்றாகப் படமும் வரைவார். 1806இல் ஓவியர்களுக்காக முகபாவங்களின் உடற்கூறு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மனிதன் தன் உள்ளத்தை வெளிப்படுத்துவதற்கென்றே கடவுள் முகத்தசைகளைக் கொடுத்திருக்கிறார் என்பது அவர் நம்பிக்கை. 1872இல் டார்வின் அதை மறுத்தார். விலங்குகளிடமும் இருக்கும் பழக்கங்களின் மிச்சம்தான் நம் முகபாவம் என்றார். இருவருக்கும் நடுவில் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் முகத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒவ்வொரு தசையாக இயக்கிப் படம் எடுத்து, 1862இல் வெளியிட்டார். வாயோரம் யாரும் நினைத்தால் தூக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை மட்டும் உண்மையான சந்தோஷத்துக்குத்தான் கட்டுப்படும் என்பது அவர் முடிவு. கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது. மூளைக்குள் பொய்ச்சிரிப்புக்கும் மெய்ச்சிரிப்புக்கும் தனித்தனி வழிகள் உண்டு. சில மூளைப் பாதிப்புகளில் சிரி என்று சொன்னால் ஒரு பக்கம் சிரிக்க வராதவர், நகைச்சுவையைக் கேட்டதும் முழு வாயாலும் சிரித்துவிடுவார். ஆனால் இரண்டு வழியும் கடைசியில் வந்து சேர்வது இந்த ஒரே நரம்பில். அதற்கு மெய், பொய் தெரியாது. வந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், முடியாதபோது சேர்க்காது. என் கண் மூடவே மூடாத அந்த நாட்களில், துஷேன் கணக்கில் நான் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் பாதி பொய்.

*

நான் ஒரு வங்கியின் முகப்பில் வேலை செய்கிறேன். எம்.சி. முடிந்து போனதும், "மாஸ்க் போட்டுக்கோ, ஒன்னும் தெரியாது" என்றார் மேற்பார்வையாளர். போட்டுக்கொண்டேன். வாய் மறைந்தது, இமைக்காத கண் தனியாக வெளியே நின்றது. இரண்டாம் நாளே ஒருவர், அந்தப் பெண் முறைக்கிறாள் என்று புகார் கொடுத்தார். "முகம் சரியாகுற வரைக்கும்" என்று என்னைப் பின்னறைக்கு மாற்றினார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்தாலும் என் சம்பளத்தில் எவ்வளவு கணக்குக்கு, எவ்வளவு சிரிப்புக்கு என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன்.

அதைவிட வலித்தது வேறொன்று. அண்ணன் மகளுக்கு அப்போது 5 மாதம். என்னைக் கண்டால் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும். அந்த வாரம் தூக்கியபோது சிரிக்கவில்லை. என் முகத்தையே வெகுநேரம் பார்த்தது, பிறகு அழுதது. குழந்தையிடம் போய், நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்ல?

அதனால்தான் 'முகத்தில் என்ன இருக்கிறது, மனசுதான் முக்கியம்' என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. முகத்தில் நிறைய இருக்கிறது. தமிழில் 'முகம் கொடுத்துப் பேசு' என்கிறோம். முகம் என்பது கொடுக்கும் பொருள். முகதாட்சண்யம் என்று ஒரு கருணையே அதன் பெயரில் இருக்கிறது. நான் இழந்தது அழகை அல்ல, கொடுப்பதற்கு என்னிடம் இருந்த ஒன்றை.

ஆனால் கொடுப்பது வேறு. அது வராதபோது உள்ளேயும் ஒன்றுமில்லை என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்வது வேறு. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைத்துப் படித்தவர்கள் நாம். குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 71ஆவது அரசவைக்கு, 110ஆவது காதலுக்கு. வாய் சொல்லாததை முகத்தில் படிக்கத் தெரிந்தவனே கெட்டிக்காரன் என்பது நமக்கு அவ்வளவு பழைய பாடம். அதே வள்ளுவர் நட்பைப் பற்றிச் சொல்லும்போது வெறும் முகமலர்ச்சியை நம்ப மறுக்கிறார். அந்தப் பாடத்தை நாம் சந்தேகப்படுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். சிரிக்கும் முகத்துக்குப் பின்னால் வஞ்சகம் இருக்கலாம் என்று நினைக்க நமக்குத் தெரியும். சிரிக்காத முகத்துக்குப் பின்னால் அன்பு இருக்கலாம் என்று நினைக்க அவ்வளவாக வருவதில்லை.

கேலி செய்வது தவறு என்பது எல்லாருக்கும் தெரியும். கனடாவில் ஜான் கிரெத்தியென் என்ற அரசியல்வாதிக்கு இளவயதிலேயே முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணலாகவே நின்றுவிட்டது. 1993 தேர்தலில் எதிர்த்தரப்பு அவர் முகத்தை நெருக்கத்தில் காட்டி, இவரா பிரதமர் என்று கேட்கும் தொனியில் விளம்பரம் போட்டது. மக்கள் கொதித்துப்போனார்கள். விளம்பரத்தை உடனே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆளுங்கட்சியாக இருந்த அந்தக் கட்சி 2 இடங்களுக்குச் சுருங்கியது. அதற்கு வேறு காரணங்களும் நிறைய இருந்தன. அவர் 10 ஆண்டு பிரதமராக இருந்தார். மேடையில் நடக்கும் கேலியை ஊரே கண்டிக்கும். வீட்டுக்குள் ஒரு முகத்தைப் பார்த்து நாம் அமைதியாக எழுதிவைக்கும் தீர்ப்பை யார் கண்டிப்பது?

*

பெரியம்மாவுக்கு அது வந்தபோது வயது 26. தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் பெரட்டுக்குப் போக எழுந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒழுகியிருக்கிறது. என் கதையேதான். காத்து அடிச்சிருச்சு என்றார்கள். மோகினி அடிச்சிருச்சு என்றும் சொன்னார்கள். தோட்டத்து டிரெஸ்ஸர் ஏதோ மாத்திரை கொடுத்தார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மாதங்கள் கழித்து முகம் திரும்பியது, ஆனால் கோளாறாகத் திரும்பியது. பேசினாலோ சிரித்தாலோ இடது கண் தானாகச் சுருங்கும். அதைக் கண்ணடிப்பது என்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்? வெளிக்காட்டுக் கிராணியோடு சேர்த்து ஒரு கதை கட்டினார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா வெளியில் சிரிப்பதையே விட்டுவிட்டார் என்று அம்மா சொல்வார். எனக்கு நினைவு தெரிந்து அவர் 'சிடுமூஞ்சிப் பெரியம்மா'தான்.

பெரியப்பா செத்தபோது எனக்கு 12 வயது. பெரியம்மா அழவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். 16ஆம் நாள் கருமக்கிரியை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாய் சோற்றை வைத்ததும் அவருடைய இடது கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் இறங்கியது. ஒரு கண்ணில் மட்டும். சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்கவில்லை. அவரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"செத்தன்னைக்கு ஒரு சொட்டு வரல. இப்ப ஊரு பாக்க வடிக்கிறா, முதலைக் கண்ணீரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. அத்தை பிள்ளைகளோடு விளையாடும்போது 'முதலைப் பெரியம்மா' என்று பேர் வைத்தது நான்தான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதெல்லாம் கண்ணைத் துடைப்பார், நாங்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு சிரிப்போம்.

20 வருஷம் கழித்து, ஒட்டிய கண்ணோடு போனில் படித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் எதிரில் வந்தது. நசுங்கிய நரம்பு மீண்டும் வளரும்போது நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். எல்லா இழையும் பழைய இடத்துக்கே போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போனால், சிரிக்கும்போது கண் சுருங்கும். எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டியது கண்ணீர்ச் சுரப்பிக்குப் போனால், சோற்றைக் கண்டு எச்சில் ஊற வேண்டிய நேரத்தில் கண்ணீர் ஊறும். இதற்கு மருத்துவத்தில் வைத்திருக்கும் பெயர் 'முதலைக் கண்ணீர் நோய்க்குறி'. முதலை இரையைத் தின்னும்போது அழும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்த பெயர்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நல்ல கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

*

லெவினாஸ் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி அறத்தையே முகத்திலிருந்துதான் தொடங்குகிறார். எதிரில் இருப்பவரின் முகம் என்னைப் பொறுப்பாளி ஆக்குகிறது என்பது அவர் வாதம். 1961இல் வந்த அவருடைய பெரிய நூல் அதைத்தான் பேசுகிறது. முன்பு படித்தபோது, முகம் அசையாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பிறவியிலேயே இந்த நரம்பு வளராமல் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். மோபியஸ் நோய்க்குறி என்று பெயர். அவர்களில் பலரால் முகத்தால் சிரித்துக் காட்ட முடியாது. குரலாலும் கையாலும் சொல்லாலும் சிரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

இப்போது மறுபடி யோசித்தால், லெவினாஸ் முகம் என்பது கண், மூக்கு, வாயின் கூட்டுத்தொகையை அல்ல. நான் படித்து முடித்துவிட முடியாத ஒன்று எதிரில் இருக்கிறது என்பதைத்தான். அப்படிப் பார்த்தால் நாம் செய்வது நேர்மாறானது. முகத்தைப் பார்த்த உடனே அந்த ஆளைப் படித்து முடித்துவிடுகிறோம்.

முகத்தைப் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. அது முடியாது. 5 மாதக் குழந்தையே படிக்கிறது. படித்ததை ஒரு ஊகமாக வைத்துக்கொள்ளலாம், கேட்டுச் சரிபார்க்கலாம். பெரியம்மாவிடம் 'ஏன் சாப்பிடும்போது கண்ணில் தண்ணி வருது' என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதே இல்லை. கேட்டால் சங்கடப்படுவார் என்று பெரியவர்கள் நினைத்திருக்கலாம். கேட்காமல் சிரிப்பது சங்கடமாக இல்லை.

*

நாலாவது மாதம் என் முகம் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. சுங்கை பட்டாணிக்குப் போனேன். தோட்டம் எப்போதோ போய்விட்டது. தாமானில் சின்ன வீடு, தனியாக இருக்கிறார். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். எதிரெதிரே உட்கார்ந்தோம். தோளில் துண்டு. முதல் வாய்க்கே இடது கண் நிறைந்தது.

"பெரியம்மா, இது ஏன் வருதுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். நரம்பு, இழை, சுரப்பி எல்லாவற்றையும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"நரம்புக் கோளாறு. வேற என்ன?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புளி போட்டா ஜாஸ்தியா வருது. கஞ்சி குடிச்சா கம்மியா வருது. துக்கம் என்ன புளிப்பு பாத்தாடி வரும்?"

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "நாங்க சின்னதுல உங்களுக்கு ஒரு பேரு வச்சிருந்தோம்" என்றேன்.

"முதலைதானே?" என்று சோற்றைப் பிசைந்தார். "குசினியில நின்னுக்கிட்டு நீ சொன்னதை ஒரு தடவ கேட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்ள விரும்பினேன். பிறகு அவருக்காகப் பேசுவதாக நினைத்து இதையும் சொன்னேன்: "அப்ப பெரியப்பா கருமக்கிரியையில வந்ததும் சாப்பாட்டுக்குத்தான். அதைப் போயி நடிப்புன்னு சொன்னாங்க."

கை நின்றது.

"அது எனக்கே தெரியலடி" என்றார். "அன்னைக்கு அவருக்குப் பிடிச்ச புளிக்குழம்பு வச்சிருந்தாங்க. அந்தக் கண்ணுலதான் வந்துச்சு. புளிக்கு வந்துச்சா, அவருக்கு வந்துச்சான்னு நான் எங்க போயிக் கேப்பேன்?"

நரம்பைக் காட்டி அவரை விடுதலை செய்ய வந்திருந்தேன். 12 வயதில் அந்தக் கண்ணீரை நடிப்பு என்று முடித்துவைத்தவள், 32 வயதில் வெறும் எச்சில் என்று முடித்துவைக்கப் பார்த்திருக்கிறேன். அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததற்கு என்ன காரணம் என்று இன்னும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாமா என்று யோசித்தேன்.

அதற்குள் பெரியம்மா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். என் வலது கண்ணை உற்றுப் பார்த்தார்.

"உனக்குச் சாப்பிடறப்ப ஏதாச்சும் வருதா?" என்று கேட்டார்.